பெங்களூர் சீட்டு இருக்கட்டும், முதலில் அடகுச் சீட்டைப் பாருங்கள்

கேள்வி: என் கணவர் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். டீசல், டியூ எல்லாம் போக மாதம் 22,000 நிற்கும். நான் ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன், சம்பளம் 14,000. மகள் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், 600-க்கு 468. எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாரும் காலேஜ் படித்ததில்லை. பி.எஸ்சி. நர்சிங்தான் படிப்பேன் என்கிறாள். பக்கத்துத் தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் சீட்டுக்கு வருடம் 1,10,000, விடுதிக்கு 60,000 சொல்கிறார்கள். பெங்களூரில் இருக்கும் நாத்தனார் மகன், அங்கே ஒரு கல்லூரியில் நான்கு வருடத்துக்கும் சேர்த்து 7 லட்சம் பேக்கேஜ், ஜெர்மன் மொழியும் சொல்லிக்கொடுத்து ஜெர்மனிக்கே அனுப்பிவிடுவார்கள், 1,50,000 முன்பணம் உடனே போட வேண்டும் என்கிறான். என் எட்டுப் பவுன் நகை தனியார் ஃபைனான்ஸில் 60,000, 80,000, 1,00,000 என்று மூன்று சீட்டாக ஒன்றரை வட்டியில் இருக்கிறது. மூன்று வருடம் முன்பு நாத்தனார் வீடு கட்டுவதற்காக வைத்துக் கொடுத்தது. தங்கம் விலை ஏறியதால் அதே நகைக்கு இன்னும் 1,50,000 தருகிறோம் என்று ஃபைனான்ஸில் இருந்து போன் வருகிறது. கையில் 85,000 இருக்கிறது. மேல்பணம் வாங்கி முன்பணம் கட்டலாமா, கல்விக் கடன் வாங்கலாமா?

ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: சகோதரி, நர்சிங் நல்ல படிப்பா, கல்விக் கடன் என்றால் என்ன என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. மூன்று அடகுச் சீட்டையும் தொகை வாரியாகப் பிரித்து எழுதத் தெரிந்தவருக்கு அது தெரியாமல் இருக்காது. நீங்கள் எழுதாமல் விட்டது ஒன்றுதான். அந்த 2,40,000-க்கு வட்டி யார் கட்டுகிறார்கள்?

அதற்காகவே உங்களுக்குப் போன் செய்தேன். நாத்தனார் முதல் நான்கு மாதம் கட்டினாராம். அப்புறம் "இந்த மாசம் மட்டும் நீ கட்டிடும்மா" என்று தொடங்கி, இன்றுவரை அந்த "இந்த மாசம்" முடியவில்லை. ஒன்றரை வட்டி என்றால் மாதம் 3,600. முப்பத்திரண்டு மாதத்தில் 1,15,200 ரூபாய். மகளுக்கு மேனேஜ்மென்ட் சீட்டில் ஒரு வருடக் கட்டணம் எவ்வளவு என்று எழுதியிருந்தீர்கள்? 1,10,000. ஆக, ஒரு வருடப் படிப்பை ஏற்கெனவே ஃபைனான்ஸ்காரருக்குக் கட்டி முடித்துவிட்டீர்கள். நகை இன்னும் அவருடைய பெட்டியில்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டின் பிரச்சினை கல்லூரிக் கட்டணம் இல்லை. யாராவது கேட்டால் உங்கள் பேரில் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டு, "வட்டிதானே, கட்டிக்கலாம்" என்று இருப்பது. அசலைக் கேட்டால் உறவு கெடும் என்ற பயத்தில் மாதம் 3,600 தண்டம் அழுகிறீர்கள். இப்போது அதே வீட்டுப் பையன், அதே நகையின் மேல் இன்னும் ஒன்றரை லட்சம் வாங்கச் சொல்கிறான். வாங்கினால் கடன் 3,90,000, வட்டி மாதம் 5,850. உங்கள் இருவர் சம்பாத்தியத்தில் ஆறில் ஒரு பங்கு, அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாமல், போய்க்கொண்டே இருக்கும்.

சரி, அந்த பேக்கேஜைப் பார்ப்போம். போன வருடம் ஒரு லாரி டிரைவர் மஞ்சள் பையோடு என் அலுவலகத்துக்கு வந்தார். பையில் இருந்தது ஒரு துண்டுச் சீட்டு. அதில் "அட்வான்ஸ் 1,00,000 பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு கையெழுத்து. கல்லூரி முத்திரை இல்லை, ரசீது எண் இல்லை, தேதிகூட இல்லை. ஏஜென்ட் போனை எடுப்பதில்லை. வெளிமாநிலத்தில் இருந்த அந்தக் கல்லூரியில் கேட்டால், "எங்களுக்கு வந்தது 40,000தான், மீதியைக் கட்டினால் பிள்ளையின் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைத் தருகிறோம்" என்றார்கள். உங்கள் நாத்தனார் மகன் அப்படிப்பட்டவன் என்று நான் சொல்லவில்லை. அவனுக்கே அந்தக் கல்லூரியைப் பற்றித் தெரியாமல் இருக்கலாம், யாரோ சொன்னதை நம்பிச் சொல்லலாம். அதனால் அவனிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். கல்லூரி இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியலில் இருக்கிறதா? கர்நாடகத்தில் நர்சிங் கல்லூரிகளை இணைத்திருக்கும் ராஜீவ் காந்தி சுகாதாரப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியுமா? கடிதம் வந்தாலும் பணத்தைக் கல்லூரியின் வங்கிக் கணக்குக்கு மட்டுமே அனுப்ப வேண்டும். "அத்தை, என் ஜிபேக்குப் போடுங்க, நான் கட்டிடறேன்" என்றால் போனை வைத்துவிடுங்கள்.

ஜெர்மனியைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இப்போது எந்த நர்சிங் விளம்பரத்தைத் திறந்தாலும் அந்த நாட்டுக் கொடிதான் பறக்கிறது. அங்கே நர்ஸுகளுக்குத் தேவை இருப்பது உண்மை. ஆனால் ஜெர்மன் மொழியில் பி2 நிலைத் தேர்வை, அதாவது சரளமாகப் பேசி வேலை பார்க்கும் அளவுக்கான தேர்வை, உங்கள் மகள்தான் எழுதித் தேற வேண்டும், கட்டணத்தில் சேர்த்துக் கட்டிவிடக் கூடிய விஷயம் இல்லை அது. பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் ஒருவர் வெளிநாட்டு வேலைக்கு வாங்கக் கூடிய சேவைக் கட்டணத்துக்கே மத்திய அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது: 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும். தமிழ்நாடு அரசே அயல்நாட்டு மனிதவள நிறுவனம் ஒன்றை 1978 முதல் நடத்துகிறது. நான்கு வருடம் கழித்துக் கிடைக்கலாம் என்கிற ஒரு வேலைக்கு இன்றைக்கே நகையை வைத்துப் பணம் கட்டுவதை எந்தக் கணக்கிலும் என்னால் சேர்க்க முடியவில்லை.

இனி விண்ணப்பம். கடிதம் முழுக்க மேனேஜ்மென்ட் சீட்டு பற்றியே இருக்கிறது, கவுன்சிலிங் என்ற சொல்லே இல்லை. அது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது. தமிழ்நாட்டில் அரசு நர்சிங் கல்லூரி இடங்களுக்கும், தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் தேர்வுக் குழுதான் ஆன்லைனில் விண்ணப்பம் வாங்கிக் கவுன்சிலிங் நடத்துகிறது. இயற்பியல், வேதியியல், உயிரியல் மதிப்பெண்தான் கணக்கு. மொத்தம் 468 என்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது, உயிரியலில் எவ்வளவு என்று பாருங்கள். சென்னை, மதுரை, செங்கல்பட்டு, சேலம், தேனி அரசுக் கல்லூரிகளில் இடம் குறைவு, போட்டி அதிகம். கிடைக்காமலும் போகலாம். ஆனால் கிடைத்தால் இந்தப் பதிலின் பாதிக்குத் தேவையே இருக்காது. தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தாலும் மேனேஜ்மென்ட் கட்டணத்தை விடக் குறைவுதான். முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகையும் கவுன்சிலிங் வழியாகப் போகிறவர்களுக்குத்தான். உங்கள் மகள்தானே வீட்டில் முதல் பட்டதாரி? அந்தச் சான்றிதழ், வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று நான்குக்கும் நாளைக்கே இ-சேவை மையத்தில் போட்டுவிடுங்கள். கடைசி நாளில் போய் நின்றால் சர்வர் படுத்திருக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 அவள் கணக்குக்கே வரும். நான்கு வருடத்தில் 48,000 ரூபாய், விடுதிச் செலவில் ஒரு பங்கு.

கல்விக் கடன் வாங்கலாம், தப்பே இல்லை. பொதுத்துறை வங்கியில், வித்யாலட்சுமி தளம் வழியாக. 7,50,000 வரை சொத்து ஜாமீன் தேவைப்படாது. கூட்டாகக் கடன் வாங்குபவராகப் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் குடும்ப வருமானம் வருடம் 4,32,000. நாலரை லட்சத்துக்குள் இருந்தால் படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் ஒன்று உண்டு. அதற்கும் நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருந்தாக வேண்டும். மேனேஜ்மென்ட் சீட்டு என்றாலே வங்கி மேலாளர் முகம் சுளிப்பார் என்பதையும் மனதில் வையுங்கள். "வட்டியில்லாத் தவணை" என்று கல்லூரி வாசலில் மேசை போட்டு ஆப் இறக்கச் சொல்வார்களே, அந்தக் கடனுக்கு இந்த வட்டி மானியம் எதுவும் வராது. வட்டி இல்லை என்பார்கள், செயலாக்கக் கட்டணம் என்று அதையே வேறு பெயரில் எடுப்பார்கள்.

மானியம் கிடைக்கவில்லை என்றே வைத்துக்கொண்டு தோராயமாகப் பார்ப்போம். வருடம் 1,25,000 வீதம் நான்கு வருடத்தில் 5 லட்சம், வட்டி 10 சதவீதம். படிப்பும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கிடையாது, ஆனால் வட்டி ஓடும். ஐந்து வருடத்தில் அது 1,75,000 ஆகிவிடும். கட்டாமல் விட்டால் கடன் 6,75,000, பத்து வருடத்துக்கு மாதம் 8,900. வட்டியை மட்டும் அவ்வப்போது கட்டிவந்தால் கடன் 5 லட்சமாகவே நிற்கும், தவணை 6,600. நம் பக்கத்துச் சின்ன மருத்துவமனைகளில் புதிதாகச் சேரும் நர்ஸுக்கு 15,000 கொடுப்பதே பெரிது. தனியார் மருத்துவமனை எதுவும் 20,000-க்குக் குறைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு 2016-லேயே பரிந்துரைத்தும் நிலைமை இதுதான். எய்ம்ஸ் போன்ற இடத்தில் அடிப்படைச் சம்பளமே 44,900, ஆனால் அதற்குத் தேர்வு எழுதிக் காத்திருக்க வேண்டும். 15,000 வாங்கும் பெண்ணுக்கு 8,900-க்கும் 6,600-க்கும் நடுவில் இருக்கிற 2,300 சின்னத் தொகை இல்லை.

படிக்கும்போது கட்ட வேண்டிய அந்த வட்டி, முதல் வருடம் மாதம் 1,050 அளவில் தொடங்கி நான்காம் வருடம் 4,150-ஐத் தொடும். நாத்தனாருக்காக நீங்கள் இப்போது கட்டும் 3,600-ஐ இங்கே திருப்பினாலே அநேகமாகப் போதும்.

அதைத் திருப்ப முடியும். கையில் இருக்கும் 85,000-ல் முதலில் 60,000 சீட்டை மீட்டுவிடுங்கள். அது இரண்டு பவுன் வளையல் என்று போனில் சொன்னீர்கள். அதை விற்றுவிடுங்கள். ஆமாம், விற்கத்தான் சொல்கிறேன். உங்களுக்கு மனசு வராது என்று தெரியும், ஆனால் மூன்று வருடமாக அந்த வளையலை நீங்கள் கையில் போட்டுப் பார்க்கவே இல்லை. இன்றைய விலையில், கழிவு போக 1,30,000-க்குக் குறையாது. அதில் 1,00,000 சீட்டை மீட்டுங்கள். மிச்சத்தையும் கையில் இருப்பதையும் சேர்த்தால் 55,000 நிற்கும், சேர்க்கைச் செலவுக்கு அது. கடன் 80,000 மட்டும். அந்தச் சீட்டையும் கூட்டுறவு வங்கிக்கோ பொதுத்துறை வங்கிக்கோ மாற்றினால் வட்டி மாதம் 650 பக்கம் வந்துவிடும். ஆறு பவுன் உங்களுடையதாகவே இருக்கும். ஃபைனான்ஸில் இருந்து வரும் அந்த மேல்பணப் போனுக்கு, மீட்க வருகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள்.

நாத்தனாரிடம் அசலை எப்படிக் கேட்பது என்றும் போனில் கேட்டீர்கள். நீங்கள் கேட்க வேண்டாம், உங்கள் வீட்டுக்காரர் கேட்கட்டும், அவருடைய அக்காதானே. மொத்தமாகக் கேட்டால் வராது. மாதம் 5,000 என்று மகள் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்குக்குப் போடச் சொல்லுங்கள், காலேஜ் பீஸுக்கு என்றே சொல்லுங்கள். நான்கு வருடத்தில் 2,40,000 சரியாக வந்துவிடும். கட்டிய வட்டியைக் கேட்கவே வேண்டாம். அது போனது போனதுதான்.

ஆவணியில் நாத்தனாரின் சின்ன மகளுக்குச் சடங்கு, தாய்மாமன் சீராக ஒரு பவுன் எதிர்பார்க்கிறார்கள் என்று போனை வைக்கும்போது சொன்னீர்களே. தாய்மாமன் சீரே வேண்டாம் என்று எழுதினால் உங்கள் ஊர்ப்பக்கம் நான் தலைகாட்ட முடியாது. தட்டு வரிசை, பட்டுப்பாவாடை, மாலை எல்லாம் குறைவில்லாமல் செய்யுங்கள். அந்த ஒரு பவுனை மட்டும், அக்கா தர வேண்டிய 2,40,000-ல் கழித்துக்கொள்ளச் சொல்லிவிடச் சொல்லுங்கள் உங்கள் வீட்டுக்காரரை.