கடைசி நாள் கடலில் இறங்க வேண்டாம்

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 47 வயது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார், சைனஸ் தொந்தரவும் உண்டு. பொங்கல் கழிந்து ஐந்து நாள் பயணமாகப் போய் ஸ்கூபா டைவிங் செய்ய வேண்டும் என்கிறார். அந்தமான், மாலத்தீவு, தாய்லாந்தின் கோ தாவ், இந்த மூன்றில் எது பாதுகாப்பு? சுறா கடிக்குமா? நுரையீரல் வெடித்துவிடும் என்று இணையத்தில் போட்டிருக்கிறார்களே? மூக்கில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு இறங்கலாமா? சின்ன வயதில் ஊருணியில் ஒன்றரை நிமிஷம் மூச்சடக்கியவராம், அந்தப் பெருமை வேறு. போன வருஷம் அவருடைய பெரியப்பா மகன் அந்தமானில் டைவிங் முடித்துத் திரும்பும்போது பிளேனிலேயே இடது கை மரத்துப்போனது. தைலம் தேய்த்து, வலி மாத்திரை போட்டதில் இரண்டு நாளில் சரியாயிற்று. இந்த முறை அவரும் கூட வருகிறார்.
- தேவகோட்டை வாசகி

சுறாவை முதலில் எழுதி, மரத்துப்போன கையைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். உங்களைத் தூங்கவிடாதது அந்தக் கைதான் என்று நினைக்கிறேன், ஆச்சி. சுறாவை விட்டுவிடுங்கள். டைவிங் போகிறவர்களைப் பார்த்து அதுதான் விலகிப் போகும்.

அந்தக் கைக்கு வருவோம். ஆழத்தில் அழுத்தம் கூடும். பத்து மீட்டர் இறங்கினாலே கரையில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் வழக்கத்தைவிட அதிகமாக ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்து தங்கிவிடும். மேலே வந்த பிறகு மூச்சு வழியாக அது மெல்ல மெல்லத்தான் வெளியேறும், பல மணி நேரம் ஆகும். அதற்குள் விமானத்தில் ஏறினால்? பறக்கும் விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பதற்குச் சமம். கடலிலிருந்து எழுந்த ஈரம் காய்வதற்குள் அரை மணி நேரத்தில் கொடைக்கானல் உச்சியில் கொண்டுபோய் நிறுத்தினால் எப்படியோ, அப்படி. மிச்சமிருக்கும் நைட்ரஜன் குமிழியாகிவிடும். மூட்டில் தங்கினால் வலி, நரம்பு மண்டலத்தைத் தாக்கினால் மரத்துப்போவது, பலவீனம். முதுகுத்தண்டில் என்றால் கால் விழுந்துபோகவும் கூடும்.

அந்தப் பெரியப்பா மகனுக்கு நடந்தது இதுவாகவே இருக்க வாய்ப்பு அதிகம். தைலம் குணப்படுத்தவில்லை, அதிர்ஷ்டம் காப்பாற்றியது.

ஆகவே எந்தத் தீவு என்பதைவிட, கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவில் எத்தனை மணி நேரம் என்பதுதான் என் கேள்வி. ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் அல்லது அடுத்தடுத்த நாட்களில் டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பது டைவிங் மருத்துவத்தில் உள்ள வழிகாட்டுதல். நான் எல்லோருக்கும் 24 என்றே சொல்கிறேன், கணக்குப் போட்டுக் குழம்ப வேண்டாம்.

இப்போது ஐந்து நாளைப் பிரித்துப் பாருங்கள். கோ தாவில் விமான நிலையமே இல்லை. தேவகோட்டையிலிருந்து கிளம்பி, விமானம் மாறி, படகு பிடித்துப் போய்ச் சேர்வதற்கும் திரும்புவதற்குமே பாதி விடுமுறை போய்விடும். அப்போதுதான் ‘கடைசி நாள் காலையில் ஒரு டைவ் போட்டுவிடலாம்’ என்ற ஆசை வரும். அதை அடித்துவிடுங்கள். மாலத்தீவு சரி, ஆனால் ரிசார்ட்டுக்குக் கூட்டிப்போகும் சீபிளேனும் விமானம்தான், அதையும் கணக்கில் சேருங்கள். ஐந்து நாளுக்கு என் ஓட்டு அந்தமானுக்கே. ஜனவரியில் கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். முதல் நாள் சென்னையிலிருந்து போர்ட் பிளேர் போய், படகில் ஹேவ்லாக் தீவு. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் கடல். நான்காம் நாள் மணலில் உட்கார்ந்து இளநீர் குடிக்கட்டும். ஐந்தாம் நாள் விமானம். இன்னொரு காரணமும் உண்டு. இந்த நோய்க்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை போர்ட் பிளேர் கடற்படை மருத்துவமனையில் இருக்கிறது.

டைவிங் முடிந்த 24 மணி நேரத்துக்குள் கை கால் மரத்துப்போனாலோ, குத்துவது போலிருந்தாலோ, பலம் குறைந்தாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, ‘கொஞ்சம் படுத்து எழுந்தால் சரியாகும்’ என்று இருக்கக் கூடாது. விமானத்தில் ஏறவே கூடாது. முகமூடி வைத்துச் சுத்தமான ஆக்சிஜன் கொடுக்கச் சொல்லுங்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஆக்சிஜன் வைத்ததும் சரியாகிவிட்டதே என்று பாதி வழியில் திரும்பிவிடாதீர்கள், மறுபடி வரும். முன்பணம் கட்டும் முன்பே டைவிங் கடைக்காரரிடம் ‘படகில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா?’ என்று கேளுங்கள். மழுப்பினால் வேறு கடை.

நுரையீரல் வெடிப்பது இணையம் சொல்வது போலத் தானாக நடப்பதில்லை. இங்கேதான் உங்கள் வீட்டுக்காரரின் ஊருணிப் பெருமை ஆபத்து. சங்கு குளிப்பவர்கள் கரைக் காற்றை இழுத்துக்கொண்டு இறங்குகிறார்கள். கீழே சுருங்கும் அந்தக் காற்று மேலே வரும்போது பழைய அளவுக்கே திரும்பும். ஸ்கூபாவில் பத்து மீட்டர் ஆழத்தில் சிலிண்டரிலிருந்து நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மூச்சை அடக்கியபடி மேலே வந்தால் இரண்டு மடங்காக விரியும். எனவே கடலுக்குள் மூச்சை அடக்கவே கூடாது, ஒரு நொடிகூட. இதை மட்டும் அவரை மனப்பாடம் பண்ணச் சொல்லுங்கள்.

சொட்டு மருந்து யோசனை யாருடையது? நான் காது மூக்கு தொண்டை மருத்துவன். விடுமுறை முடிந்து கிழிந்த செவிப்பறையோடு வருபவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டேன். மூக்கடைப்பை மருந்தால் மறைத்துக்கொண்டு இறங்கி, ஆழத்தில் அதன் வேகம் தீர்ந்தால், மேலே வரும்போது காற்று காதுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். சளி இருந்தால் அன்றைக்கு டைவ் இல்லை, பணம் போனாலும் சரி. கிளம்பும் முன் வீட்டிலேயே வாயை மூடி, மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிப் பார்க்கட்டும். இரண்டு காதும் திறந்துகொண்டால் நல்லது. ஒன்று திறக்காவிட்டால் முதலில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிரஷர் கட்டுக்குள் இருந்து, குன்றக்குடி மலைப்படியை நிற்காமல், நெஞ்சு இறுக்கம் இல்லாமல் ஏறுகிறார் என்றால் பெரிய கவலையில்லை. ஆனாலும் 45 தாண்டியவர், ஒரு ஈசிஜியும் டிரெட்மில்லும் பார்த்துக்கொள்ளட்டும். என்ன மாத்திரை என்று அதைப் பார்க்கும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். டைவிங் கடையில் கொடுக்கும் மருத்துவப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று டிக் அடித்துவிட்டு இறங்குவது நம் ஆட்களின் வழக்கம். அதைச் செய்யாதிருக்கச் சொல்லுங்கள்.

அந்தப் பெரியப்பா மகன் மறுபடி இறங்குவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். முதலில் ஒரு நரம்பியல் மருத்துவரைப் பார்த்து, போன வருஷம் நடந்ததை நேரத்தோடு சொல்லட்டும்: எத்தனை மணிக்குக் கடலிலிருந்து ஏறினார், எத்தனை மணிக்கு விமானம், எந்த விரலில் தொடங்கியது. அந்த மருத்துவர் சரி என்று சொல்லும்வரை படகில் உட்கார்ந்து உங்கள் வீட்டுக்காரரின் செருப்பைப் பார்த்துக்கொள்ளட்டும்.