படுத்திருப்பவரைப் பாருங்கள்

கேள்வி: அம்மாவுக்கு 81 வயது. பக்கவாதத்தில் வலது பக்கம் செயலிழந்து, பேச்சும் குழறிவிட்டது. நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள், வீட்டில் வைத்துப் பார்க்க முடியவில்லை. மூன்று பராமரிப்பு இல்லங்களைப் பார்த்தோம். மூன்றுமே பளிச்சென்று இருக்கின்றன, நன்றாகவும் பேசுகிறார்கள். எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: நீங்கள் பார்த்ததெல்லாம் அவர்கள் காட்டியது. சொல்லிவிட்டுப் போயிருப்பீர்கள், மேலாளரே கூட வந்து வரவேற்பறை, தோட்டம் என்று சுற்றிக் காட்டியிருப்பார். இன்னொரு முறை சொல்லாமல் போங்கள், இரவுச் சாப்பாட்டு நேரத்திலோ ஞாயிற்றுக்கிழமை மாலையிலோ. ஆள் குறைகிற நேரம் அதுதான்.

அம்மாவால் கூப்பிட்டுக் கேட்க முடியாது இல்லையா, அதனால் அங்கே நடந்து திரிந்து பேசிக்கொண்டிருக்கும் பெரியவர்களைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள், அம்மாவைப் போலவே படுத்த படுக்கையாக இருக்கிற ஒருவரை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். உதடு காய்ந்து வெடித்திருக்கிறதா? நகம் வெட்டியிருக்கிறதா? தண்ணீர் டம்ளர் கைக்கு எட்டுகிறதா? வலது கை வராதவருக்கு வலது பக்கம் டம்ளரை வைத்தால் அது இல்லாததற்குச் சமம், அழைப்பு மணியும் அப்படித்தான். வயதானால் தாக உணர்வே குறைந்துவிடும், யாராவது நினைவு வைத்துக் கொடுத்தால்தான் தண்ணீர் உள்ளே போகும்.

அப்புறம், யாருக்காவது சாப்பாடு ஊட்டுவதைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பக்கவாதம் வந்த பலருக்கு விழுங்குவது சிரமம், சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா வரை கொண்டுபோய் விடும். நிமிர்ந்து உட்கார வைத்து, முகத்தைப் பார்த்துக்கொண்டே, ஒரு வாய் விழுங்கியதும்தான் அடுத்த வாய் கொடுக்க வேண்டும், முடிந்ததும் அரை மணி நேரமாவது படுக்க வைக்கக் கூடாது. சாய்ந்து கிடப்பவர் வாயில் எங்கோ பார்த்துக்கொண்டு கரண்டியைத் திணிக்கிறார்கள் என்றால் அந்த இடம் வேண்டாம்.

மேலாளரிடம் நேராகவே கேளுங்கள்: இப்போது எத்தனை பேருக்குப் படுக்கைப் புண் இருக்கிறது, அதில் எத்தனை பேருக்கு இங்கே வந்த பிறகு வந்தது? கேட்டதும் முகம் சுளிப்பவர்களை விட, ‘இரண்டு பேருக்கு, ஒருவருக்கு இங்கேதான் வந்தது, இப்படிப் பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொல்பவரை நான் நம்புவேன். தானாகத் திரும்ப முடியாதவரை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பார்கள், அதற்கு ஒரு பட்டியல் இருக்கும். பெயரை மறைத்து ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். ராத்திரி 2 மணிக்கும் காலை 10 மணிக்கும் ஒரே ஆள் கையெழுத்து, அதுவும் ஒரே மூச்சில் போட்டது போல இருந்தால், இல்லை இன்னும் வராத நேரத்துக்கே கையெழுத்து விழுந்திருந்தால், யாரும் திருப்பவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர்கள், அதில் பயிற்சி பெற்ற செவிலியர் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உதவியாளர்களிடம் தனியாகப் பேச்சுக் கொடுத்து, எவ்வளவு நாளாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். எல்லோருமே புதியவர்கள் என்றால் அங்கே யாரும் நிலைப்பதில்லை, அம்மாவின் குழறல் பேச்சைப் பழகிப் புரிந்துகொள்ள ஆள் இருக்காது.

கேள்வி: மறதி நோய் உள்ள என் மாமியார் ஒரு வருடமாக இல்லத்தில் இருக்கிறார். சில வாரங்களாகப் பகலிலும் தூங்கியே கிடக்கிறார். ‘வயதானால் இப்படித்தான்’ என்கிறார்கள்.

பதில்: அந்தப் பதிலோடு திரும்பி வராதீர்கள். சில வாரங்களில் வந்த மாற்றத்துக்கு வயது காரணமாக இருக்காது. இப்போது கொடுக்கிற எல்லா மருந்துகளின் பட்டியலையும், எது எப்போது, எதற்காக ஆரம்பித்தது என்பதையும் எழுதி வாங்குங்கள். மறதி நோயாளிகளைச் சத்தமில்லாமல் வைத்திருக்க மனநோய்க்கான மருந்துகளைக் கொடுப்பது பல இடங்களில் நடக்கிறது. மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு அந்த வகை மருந்துகள் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்துவிட்டது. உண்மையிலேயே தேவைப்படுகிறவர்களும் உண்டு, அதனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வேறொரு மருத்துவரிடம் பட்டியலைக் காட்டுங்கள். சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, ரத்தத்தில் சோடியம் குறைவது இவையும் ஆளை இப்படிச் சாய்த்துவிடும், ரத்தமும் சிறுநீரும் பரிசோதித்தால் தெரிந்துவிடும். எடைப் பதிவேட்டையும் கேளுங்கள். 50 கிலோ இருந்தவர் ஒரே மாதத்தில் இரண்டரைக் கிலோ குறைந்திருந்தால் அது சாதாரணமில்லை. பதிவேடே இல்லை என்றால் இன்றே உங்கள் முன்னால் எடை பார்க்கச் சொல்லுங்கள், மருத்துவரிடம் போவதை நாளைக்குத் தள்ள வேண்டாம்.