கச்சான் காற்று வீசும் நாளில் ஏறும் ஓசோன் மேலிருந்து வந்ததா?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஓர் உயர்தர இரசாயன ஆசிரியர் கேட்கிறார்: "பாடசாலை மாடியில் வைத்த ஓசோன்மானி, ஆடி மாதக் கச்சான் (வறண்ட தென்மேற்குக் காற்று) நாட்களில் பின்னேரம் ஏறுகிறது. உயரே உள்ள படைமண்டலத்தின் (stratosphere) ஓசோன் இறங்குகிறதா? பெரிலியம்-7 அளந்தால் தெரியுமா?"

முதலில் நேரத்தைப் பாருங்கள், சேர். வெயிலோடு ஏறி, பொழுதுபட்டபின் இறங்கினால் அது பெரும்பாலும் கீழேயே உண்டானது. வாகனப் புகையும் வெயிலும் சேர்ந்து செய்யும் வேலை. திருகோணமலையின் அகலக்கோட்டில் படைமண்டலம் 16, 17 கிலோமீற்றருக்கு மேலேதான் தொடங்குகிறது. அதன் வளி இறங்குவதும் பெரும்பாலும் நம்மைவிட வடக்கே, தெற்கே உள்ள அகலக்கோடுகளில்தான்.

பெரிலியம்-7 ஒரு கதிரியக்க அணு, விண்வெளியிலிருந்து வரும் அண்டக் கதிர்களால் வளியில் உண்டாகிறது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு படைமண்டலத்தில், மிச்சம் அதற்குச் சற்றுக் கீழே. அரைவாழ்வுக்காலம் 53 நாள். நுண்துகள்களில் ஒட்டிக்கொண்டு இறங்கும். அது கூடினால் 'வளி உயரத்திலிருந்து வந்தது' என்று சொல்லலாம், எவ்வளவு உயரம் என்று அது மட்டும் சொல்லாது. மழை அதைக் கழுவிவிடும். அதனால் மழைக்கால மார்கழி அளவை ஆடி அளவோடு ஒப்பிடவே வேண்டாம்.

இதனால்தான் ஈயம்-210 ஐயும் சேர்த்து அளப்பார்கள். மண்ணிலிருந்து கசியும் ரேடன் என்ற கதிரியக்க வாயு சிதைந்து வருவது அது. பெரிலியம் கூடி ஈயம் குறைந்தால் மேல்வளி என்பது பொதுக் கணக்கு. ஆனால் இந்து சமுத்திரத்தைக் கடந்து வரும் தென்மேற்குக் காற்றில் ஈயம்-210 முன்பே குறைவு. விகிதம் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். இரண்டு எண்களையும் தனித்தனியே பாருங்கள்.

கச்சான் இன்னும் மோசம். ஓசோன் கூடி ஈரப்பதன் குறைந்தால் மேல்வளி என்று எழுதிவிடுவார்கள். கச்சானோ மலைநாட்டைத் தாண்டி இறங்கும்போதே காய்ந்து சூடாகிற காற்று. அந்த அடையாளம் இங்கே செல்லாது. ஐயம் தீரவேண்டுமானால் பெரிலியம்-10 க்கும் 7 க்கும் உள்ள விகிதம் வேண்டும். படைமண்டலத்தில் நெடுநாள் தங்கிய வளியில் அது உயர்ந்திருக்கும். ஆனால் பெரிலியம்-10 ஐ அளக்கத் துகள் ஆர்முடுக்கி தேவை.

கதிரியக்கத்தை எண்ணும் கைகர் எண்ணியை, காற்றை வடித்த வடிதாளில் வைத்துப் பார்க்காதீர்கள். கடகடவென்று அடிக்கும், ஆனால் அது ரேடன் சிதைந்து உண்டான குறுவாழ்வுப் பிள்ளைகள். சில மணிநேரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். பெரிலியம்-7 பத்துச் சிதைவில் ஒன்றில்தான் 477.6 கிலோ இலத்திரன்வோல்ற்றுக் காமாக் கதிர் விடும். 1,500 கன மீற்றர் காற்றை வடித்தாலும், கன மீற்றருக்கு 3 மில்லிபெக்கரல் என்று வைத்தால், மொத்தம் 4.5 பெக்கரல்தான், அதாவது செக்கனுக்கு 4.5 சிதைவு. நல்ல ஜெர்மேனிய உணரியிலும் நிமிடத்துக்கு ஒரு துடிப்பு அளவில்தான் வரும். ஆகவே ஒரு நாள் முழுக்கப் பம்பை ஓடவிட்டு, காமா நிறமாலை எடுக்கும் ஆய்வுகூடத்துக்கு வடிதாளைச் சுணங்காமல் அனுப்புங்கள். பம்பை நிறுத்திய நேரம், காற்றுத் திசை, மழை மூன்றையும் உறையிலேயே எழுதிவிடுங்கள்.