ஊருக்கு வெள்ள மேப் போடணுமா? முதல்ல கோலமாவு வாங்குங்க

கேள்வி: வேளச்சேரில வேலை பாக்குறேன். சொந்த ஊர் பழவேற்காடு போற வழியில, ஏரிக்குக் கீழ இருக்குற கிராமம். ஃபோன் மேப்ல மெயின் ரோட்டத் தவிர எங்க ஊர்ல ஒண்ணுமே காட்டல. மழைக்கு முன்னாடி நாங்களே ஒரு வெள்ள மேப் போட முடியுமா, எந்த ஆப்ல ஆரம்பிக்கணும்?

பதில்: தாராளமா முடியும்மா, ஆனா ஆப் கடைசி வேலை. சேட்டிலைட் படத்துல வீடு தெரியும், ரோடு தெரியும், போன தடவ தண்ணி எந்தப் பக்கமா ஊருக்குள்ள வந்துச்சுன்னு தெரியாது, அது உங்க ஊர் பெருசுங்களுக்குத் தான் தெரியும். ஒரு ஞாயித்துக்கிழமை கோயில் திடல்ல கோலமாவுல ஊரயே வரைங்க. ஏரி, மதகு, கலங்கல் (ஏரி ரொம்புனா தண்ணி வழியுற இடம்), போக்கு வாய்க்கால், மேல இருக்குற ஏரி ரொம்புனா எந்த வழியா இங்க வரும், கரை எங்க வீக்கா இருக்கு, எல்லாம் வரணும். 2015 வெள்ளத்துலயும் 2023 மிக்ஜாம் புயல் அப்பவும் உங்க வீட்டுல தண்ணி எவ்ளோ நின்னுச்சுன்னு கேளுங்க, முழங்கால், இடுப்பு, மார்புன்னு தான் சொல்லுவாங்க, அப்படியே எழுதிக்கோங்க, அப்புறமா டேப் எடுத்துட்டுப் போயி வாசப்படில இருந்து அளந்துக்கலாம்.

பொம்பளைங்கள தனியா உக்கார வச்சுக் கேளுங்க, எந்த கைப்பம்பு முழுகுச்சு, ராத்திரி குழந்தையத் தூக்கிட்டு எந்த வழியா ஓடினாங்கன்னு அவங்க தான் சொல்லுவாங்க. காலனிக்கும் நீங்களே போயி இதே மாதிரி இன்னொரு தடவ வரையணும், ஊருக்குள்ள கூட்டம் போட்டா அவங்க ஓரமா நின்னுட்டுப் போயிடுவாங்க, ஆனா பல ஊர்ல மொதல்ல தண்ணி ஏறுறது அங்க தான். இத மட்டும் விட்டுறாதீங்கம்மா.

தங்குற இடம்னு ஸ்கூல மார்க் பண்ணா மட்டும் பத்தாது. நான் பாத்த ஒரு ஊர்ல ஸ்கூல் மேட்டுல தான் இருந்துச்சு, போற வழி வாய்க்காலத் தாண்டி, மழை வந்தா யாருமே போக முடியாது. அதனால வழிய நடந்து பாருங்க, சாவி யார்கிட்ட, கக்கூஸ் இருக்கா, டிரான்ஸ்ஃபார்மர் எங்கன்னும் குறிச்சுக்கோங்க.

இதுக்கப்புறம் தான் ஓபன்ஸ்ட்ரீட்மேப்ங்கற ஆன்லைன் மேப். அத யார் வேணா ஃப்ரீயா எடிட் பண்ணலாம், 2015 வெள்ளத்துல சென்னை ஜனங்க தண்ணி நின்ன தெருவ ஆன்லைன்ல மார்க் பண்ணது இத வச்சுத் தான். அவங்களே குடுக்குற சேட்டிலைட் படத்துமேல தெரு, வீடு, வாய்க்கால் வரைங்க, கூகுள் மேப்பப் பாத்து காப்பி அடிக்கக் கூடாது, உரிமம் வேற. படுத்த படுக்கையா இருக்கறவங்க, மாசமா இருக்கறவங்க, டயாலிசிஸ் போறவங்க பேர ஆன்லைன்ல போடவே போடாதீங்க, அது வார்டு மெம்பர்கிட்டயும் கிராம நர்ஸ்கிட்டயும் நோட்டுல இருந்தா போதும்.

அக்டோபர் 2 கிராம சபைக்குள்ள முடிச்சிருங்க. வடகிழக்குப் பருவமழை அந்த மாசம் தான் ஆரம்பிக்கும், வாய்க்கால் தூர் வாரணும்னு மேப்பக் காட்டி தீர்மானமா எழுத வைங்க, வாயால சொன்னா காத்தோட போயிடும். ஒரு காப்பி லேமினேட் பண்ணி ரேஷன் கடை சுவத்துல ஒட்டுங்க, கீழ மாவட்ட கன்ட்ரோல் ரூம் நம்பர் 1077 பெருசா இருக்கட்டும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்ப நெட் இல்லாமலே காட்டுற ஆர்கானிக் மேப்ஸ் ஆப்ல உங்க ஏரியாவ முன்னாடியே டவுன்லோட் பண்ணி நாலு பசங்க ஃபோன்ல போட்டு வைங்க, டவர் போனாலும் அது வேலை செய்யும்.