எக்செல் தெரியும், புரோகிராமிங் தெரியாது: எஸ்.கியூ.எல். எங்கிருந்து தொடங்கலாம்?

பி.காம். முடித்துக் கணக்குப் பிரிவில் இருக்கிறீர்கள். எக்செல்லில் விலுக்கப், பிவட் டேபிள் வரை கை பழகியிருக்கிறது. அலுவலகத்தில், தரவுத்தளத்திடம் கேள்வி கேட்க உதவும் மொழியான எஸ்.கியூ.எல். கேட்கிறார்கள், எந்தப் பயிற்சி வகுப்பில் சேரலாம் என்பது உங்கள் கேள்வி.

வகுப்பில் சேர வேண்டாம் என்பது என் பதில். அடிப்படை மட்டும்தான் வேண்டும் என்றால் ஒரு மடிக்கணினியும் மாலை நேரமும் போதும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. கணக்குப் படித்தவர்கள் இதில் பின்தங்கி நான் பார்த்ததில்லை. பார்க்கப்போனால் இந்த மொழியே உங்களுக்காக உருவானதுதான். தரவை உறவுகளாக, அதாவது அட்டவணைகளாக, வைக்கலாம் என்று ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் காட் 1970இல் எழுதினார். அதை ஒட்டி 1974இல் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் எஸ்.கியூ.எல்.லின் முதல் வடிவத்தை வெளியிட்டார்கள். கணினி நிபுணர் அல்லாத எவரெவர் இதைப் பயன்படுத்தக்கூடும் என்று அந்தக் கட்டுரையில் ஒரு சிறு பட்டியல் இருக்கிறது. அதில் முதல் பெயர் கணக்காளர்.

மென்பொருளுக்கு எஸ்.கியூ.லைட் எடுத்துக்கொள்ளுங்கள். இலவசம், தரவுத்தளம் முழுவதும் ஒரே கோப்பு, சர்வர், கடவுச்சொல் என்ற தொல்லை இல்லை. டி.பி. பிரவுசர் என்ற இலவசச் செயலியில் அந்தக் கோப்பைத் திறந்தால் அட்டவணைகள் கண்ணெதிரே வந்துவிடும். பயிற்சிக்கு சினூக் என்ற மாதிரித் தரவுத்தளத்தைத் தரவிறக்குங்கள். பாட்டு விற்கும் ஒரு கற்பனைக் கடையின் கணக்கு அது. 11 அட்டவணைகள், 59 வாடிக்கையாளர்கள், 412 பில்கள். சிறியதுதான், ஆனால் இதில் சறுக்காமல் நடந்தால் பெரியதிலும் நடக்கலாம்.

இனிப் பாடம். பயிற்சிக் காணொளிகள் பெரும்பாலும் கட்டளைகளைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்ய வைக்கின்றன. கட்டளைகள் குறைவு, ஒரு வாரத்தில் தானாக வந்துவிடும். எனக்கு அவற்றைவிட முக்கியமாகத் தோன்றுவது ஒரு கேள்வி: இந்த அட்டவணையில் ஒரு வரி என்பது எது? எந்த அட்டவணையைத் திறந்தாலும் முதலில் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே போங்கள். சினூக்கில் இன்வாய்ஸ் அட்டவணையின் ஒரு வரி, ஒரு பில். இன்வாய்ஸ்லைன் அட்டவணையின் ஒரு வரி, அந்தப் பில்லுக்குள் விற்ற ஒரு பாட்டு. முன்னதில் 412 வரிகள், பின்னதில் 2,240. இந்த வேறுபாடு மனத்தில் பதிந்துவிட்டால், இரண்டு அட்டவணைகளை இணைக்கும் ஜாயின் என்ற பூதம் பாதி ஒடுங்கிவிடும்.

எக்செல் பழகியவர்கள் ஜாயினை விலுக்கப் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தொடக்கத்துக்கு அந்த நினைப்பு உதவும், பிறகு கெடுக்கும். விலுக்கப், பொருந்துகிற முதல் வரியைக் கண்டதும் நின்றுவிடும். உங்கள் தாளில் வரிகளின் எண்ணிக்கை மாறாது. ஜாயின் பொருந்துகிற எல்லா வரிகளையும் கொண்டுவந்து நிறுத்தும். இன்வாய்ஸையும் இன்வாய்ஸ்லைனையும் பில் எண்ணை வைத்து இணைத்தால் விடையில் 2,240 வரிகள். இப்போது ஒரு வரி என்பது பில் அல்ல, பில்லுக்குள் உள்ள ஒரு பாட்டு. பில்லின் மொத்தத் தொகை அந்த வரிகள் ஒவ்வொன்றிலும் திரும்பத் திரும்ப உட்கார்ந்திருக்கும்.

5ஆம் எண் பில்லைப் பாருங்கள். 14 பாட்டு, ஒவ்வொன்றும் 0.99 டாலர், மொத்தம் 13.86. இணைத்த பிறகு மொத்தத் தொகை நெடுவரிசையைக் கூட்டினால் இந்த ஒரு பில்லே 194.04 ஆகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. குவெரி, அதாவது நீங்கள் எழுதிய கேள்வி, சரியாக ஓடும், எண்ணும் கம்பீரமாக வரும். தவறான விற்பனை அறிக்கைகள் இப்படித்தான் மேலாளர் மேசைக்குப் போகின்றன. கடையின் உண்மையான மொத்த விற்பனை 2,328.60. இணைப்பதற்கு முன்பு ஒரு முறையும் பின்பு ஒரு முறையும் கவுன்ட் போட்டு வரிகளை எண்ணிப் பார்ப்பது அலுப்பான பழக்கம்தான். விடாதீர்கள்.

எதிர்த் திசையிலும் தவறு நடக்கும், வரிகள் காணாமல் போகும். ஆர்டிஸ்ட் அட்டவணையில் 275 கலைஞர்கள் இருக்கிறார்கள். ஆல்பம் அட்டவணையோடு சாதாரண ஜாயின் செய்து கலைஞர்களை எண்ணினால் 204 பேர்தான் வருவார்கள். மற்றவர்களுக்கு அந்தக் கடையில் ஆல்பம் இல்லை, அதனால் சத்தமில்லாமல் கழன்றுவிட்டார்கள். லெஃப்ட் ஜாயின் போட்டால் 275 பேரும் நிற்பார்கள். ஆல்பம் இல்லாதவர்களுக்கு எதிரே நல் (NULL). எது வேண்டும் என்பது கேட்கப்பட்ட கேள்வியைப் பொறுத்தது. அதைக் கணினி முடிவு செய்யாது, நீங்கள்தான் செய்ய வேண்டும்.

நல் என்றதும் ஒரு நிமிடம் நில்லுங்கள், நன்றாகப் படித்தவர்களும் தடுமாறுகிற இடம் இது. அது பூஜ்யம் அல்ல, வெற்றுச் சொல்லும் அல்ல. தெரியவில்லை என்று பொருள். சினூக்கின் 59 வாடிக்கையாளர்களில் 10 பேருக்குத்தான் நிறுவனப் பெயர் பதிவாகியிருக்கிறது, ஒருவர் கூகுள். கூகுள் அல்லாத எல்லோரையும் கொடு என்று சமமில்லாக் குறியை வைத்துக் கேளுங்கள். 58 பேரை எதிர்பார்ப்பீர்கள், 9 பேர் வருவார்கள். தெரியாத ஒன்று கூகுள் அல்ல என்று தரவுத்தளம் உறுதி கூறாது. நிபந்தனை சொல்லும் பகுதியான வேர் (WHERE), உண்மை என்று உறுதியானதை மட்டுமே உள்ளே விடும். நிறுவனம் இல்லாதவர்களும் வேண்டுமென்றால் இஸ் நல் என்று தனியாகக் கேட்க வேண்டும்.

அடுத்தது, குவெரியை எழுதும் வரிசையும் அது பொருள்படும் வரிசையும் வேறு. எழுதுவது, எந்த நெடுவரிசைகள் வேண்டும் என்று சொல்லும் செலெக்டில் தொடங்குகிறது. பொருள்படுவதோ, எந்த அட்டவணை என்று சொல்லும் ஃப்ரமில் தொடங்கி வேர், குரூப் பை, ஹேவிங் என்று நடந்து, அதற்குப் பிறகுதான் செலெக்ட். விடையை வரிசைப்படுத்தும் ஆர்டர் பை அதற்கும் பின்னால். வேர் தனித்தனி வரிகளை வடிக்கிறது, ஹேவிங் தொகுத்த குழுக்களை வடிக்கிறது என்பது இதிலிருந்தே வந்துவிடும். '38 டாலருக்கு மேல் வாங்கியவர்கள்' என்ற நிபந்தனையை ஏன் வேரில் வைக்க முடியாது? அந்த இடத்தில் கூட்டலே இன்னும் நடக்கவில்லை.

குரூப் பை உங்கள் பிவட் டேபிள்தான், அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வரிகளைச் சேர்க்கும் இன்சர்ட், திருத்தும் அப்டேட், நீக்கும் டெலீட் மூன்றும் எளிது, அபாயமும் அங்கேதான். டெலீட் எழுதும் முன் அதே வேர் நிபந்தனையோடு ஒரு செலெக்ட் போட்டு எந்த வரிகள் போகப்போகின்றன என்று பாருங்கள். பிகின் சொல்லிவிட்டுத் தொடங்கினால், கமிட் சொல்லி உறுதி செய்யும் வரை, ரோல்பேக் சொல்லிப் பழைய நிலைக்குத் திரும்ப வழியுண்டு.

எஸ்.கியூ.லைட்டிடம் எனக்கு ஒரு குறை உண்டு, ரொம்பவும் விட்டுக்கொடுக்கும். குரூப் பையில் சேர்க்காத நெடுவரிசையைச் செலெக்டில் வைத்தாலும் ஏதோ ஒரு வரியின் மதிப்பை எடுத்துக் கொடுத்துவிடும். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருள் அதே குவெரியைப் பிழை சொல்லித் திருப்பி அனுப்பும். ஓரளவு கை வந்ததும் அங்கே மாறிவிடுங்கள், அந்தக் கண்டிப்பு நல்லது. இன்டெக்ஸ், விண்டோ ஃபங்ஷன் எல்லாம் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அட்டவணைகளை எப்படிப் பிரித்து அமைப்பது என்ற விதிகளில் ஒன்றான மூன்றாம் நார்மல் ஃபார்மின் வரையறையை இப்போதே மனப்பாடம் செய்யச் சொல்கிறவர்களை மரியாதையாகத் தவிர்த்துவிடுங்கள்.

ஒரு வேலை தருகிறேன். எந்த இசை வகை எவ்வளவு டாலருக்கு விற்றது என்று ஒரு குவெரி எழுதுங்கள். இன்வாய்ஸ்லைன், டிராக் (பாட்டு), ஜானர் (இசை வகை) என மூன்று அட்டவணைகள் தேவைப்படும். விலையை எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டுங்கள். ராக் இசைக்கு 826.65 வர வேண்டும், எல்லா வகைகளையும் சேர்த்தால் 2,328.60 வர வேண்டும். வந்துவிட்டால், ஜானர் அட்டவணையில் உள்ள 25 வகைகளும் உங்கள் விடையில் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை குறைந்தால் எந்த ஜாயினை மாற்ற வேண்டும், எந்த அட்டவணையிலிருந்து தொடங்க வேண்டும் என்று யோசித்து, உங்கள் குவெரியைக் கீழே எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.