நிலக்கரி போன தடத்தில் மீண்டும் பயணிகள் ரயில்: நிதியை எங்கே கேட்பது?

கேள்வி: வட இங்கிலாந்தில், சுரங்கங்கள் மூடப்பட்ட ஊர் ஒன்றில் வசிக்கிறேன். ஊரை ஒட்டிச் செல்லும் பழைய தடத்தில் 1960களுக்குப் பிறகு பயணிகள் ரயில் ஓடவில்லை. அதை மீண்டும் திறக்கக் கோரும் உள்ளூர்க் குழுவில் இருக்கிறேன். இதற்கான நிதி எங்கிருந்து வரும்? நாங்கள் எதிலிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: நிதியைத் தேடுவதற்கு முன், தடம் இன்று எந்த நிலையில், யாருடைய உடைமையாக இருக்கிறது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். சரக்கு ரயில் இன்னும் ஓடினால் பாதி வழி கடந்தாயிற்று. நார்தம்பர்லாந்தில் ஆஷிங்டனுக்கும் நியூகாசிலுக்கும் இடையிலான 18 மைல் தடம் 1964இல் பயணிகளுக்கு மூடப்பட்ட பின்னரும் சரக்குக்காகப் பேணப்பட்டு வந்ததால்தான், 2024 டிசம்பர் 15 அன்று அதில் மீண்டும் பயணிகள் ரயிலை விட முடிந்தது. தண்டவாளம் பெயர்க்கப்பட்டு நிலம் கைமாறிவிட்ட இடங்களில் பாடு அதிகம். நாட்டிங்ஹாமிலிருந்து மான்ஸ்ஃபீல்டு வழியாக வொர்க்சாப் வரை 1993க்கும் 1998க்கும் இடையில் படிப்படியாகத் திறக்கப்பட்ட ராபின் ஹூட் தடத்தில், மண் கொட்டி அடைக்கப்பட்டிருந்த குகைப்பாதை ஒன்றை மீண்டும் தோண்டியெடுக்க வேண்டியிருந்தது. ஆகவே, உங்கள் மாவட்ட நிலப் பயன்பாட்டுத் திட்டத்தில் அந்தத் தடம் ரயிலுக்கென ஒதுக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். இல்லையென்றால், அடுத்த திருத்தத்தின்போது சேர்க்கச் சொல்லி எழுத்து மூலம் கோருங்கள். இதற்குச் செலவு இல்லை. ஆனால் தடத்தின்மீது வீடுகள் எழும்பிவிட்டால் எவ்வளவு நிதி கிடைத்தாலும் பயனில்லை.

அடுத்து, திட்டத்தைத் தனதாக்கிக்கொள்ளும் ஓர் அரசு அமைப்பு தேவை. பயணிகள் குழுக்கள் கோரிக்கையை ஆண்டுக்கணக்கில் உயிரோடு வைத்திருக்கும். ஆனால் நிதிக்கு விண்ணப்பிக்கவும் ஒப்பந்தங்களில் கையெழுத்திடவும் உள்ளாட்சி மன்றமான கவுன்சில் போன்ற அரசு அமைப்பால்தான் முடியும். நார்தம்பர்லாந்திலும் நாட்டிங்ஹாம்ஷயரிலும் கவுன்டி கவுன்சிலே முன்னின்றது. திட்டம் ஏன் தேவை, செலவுக்குத் தகுந்ததா என்று காட்ட கவுன்சில் தயாரிக்கும் 'பிசினஸ் கேஸ்' அறிக்கை மூன்று கட்டங்களைக் கடக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் போக்குவரத்துத் துறை செலவையும் பலனையும் எடைபோடும். அந்த அறிக்கையில் பழைய ரயிலைப் பற்றிய ஏக்கத்துக்கு இடமில்லை. கார் இல்லாத குடும்பங்கள் எத்தனை, வேலைக்கும் கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் இன்று பேருந்தில் எவ்வளவு நேரம் பிடிக்கிறது, ரயில் வந்தால் அது எவ்வளவு குறையும் என்ற கணக்குகளே அங்கு பேசும். இவற்றைத் திரட்ட உங்கள் குழுவே கவுன்சிலுக்குப் பெரிதும் உதவலாம்.

நிதியைப் பொறுத்தவரை, மூடிய தடங்களுக்கென 2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட 50 கோடி பவுண்டு நிதித் திட்டம் 2024 ஜூலையில் கைவிடப்பட்டது. அதை நம்பி ஆய்வறிக்கை தயாரித்த பல ஊர்களுக்கு இது பேரிழப்பு. என் பார்வையில் அந்த முடிவு தவறானது. இன்று இங்கிலாந்தில், பல கவுன்சில்கள் சேர்ந்து அமைத்த, மேயர் தலைமையிலான ஒருங்கிணைந்த ஆணையங்களுக்கு மொத்தமாக வழங்கப்படும் போக்குவரத்து நிதியே முக்கிய வழி. 2025 ஜூனில் இதற்கென 1,560 கோடி பவுண்டு அறிவிக்கப்பட்டது. உங்கள் பகுதி அத்தகைய ஆணையத்தின்கீழ் வருமானால், அதன் போக்குவரத்துத் திட்டத்தில் உங்கள் தடம் பெயரளவிலாவது இடம்பெற வேண்டும். ஸ்காட்லாந்தில் முடிவு அங்குள்ள அரசின் கையில் உள்ளது. ஃபைஃப் நிலக்கரி வட்டாரத்தில் 1969இல் பயணிகள் சேவையை இழந்த லெவன் ஊருக்கு 2024 ஜூனில் ரயில் திரும்பியது ஸ்காட்லாந்து அரசின் நிதியில்தான்.

செலவைக் குறைத்துக் காட்டும் ஆசைக்கு இடங்கொடாதீர்கள். நார்தம்பர்லாந்துத் திட்டத்தின் மதிப்பீடு 16.6 கோடி பவுண்டிலிருந்து 29.85 கோடியாக உயர்ந்தது. திறப்பு நாளில் ஆறு புதிய நிலையங்களில் இரண்டே தயாராக இருந்தன. சுரங்கப் பகுதிகளில் நிலத்தடியே தனிச் செலவாகும்: நிலையமோ பாலமோ அமையும் இடத்துக்குக் கீழே பழைய சுரங்க வெற்றிடம் இருந்தால், சிமென்ட் கலவை செலுத்தி அதை நிரப்பியாக வேண்டும். எனவே, முன்பு நிலக்கரி ஆணையம் என்று அழைக்கப்பட்ட சுரங்கச் சீரமைப்பு ஆணையத்திடமிருந்து அந்த இடங்களின் பதிவுகளை முதற்கட்டத்திலேயே பெறச் சொல்லுங்கள். லெவல் கிராசிங்குகளும் அப்படியே. சரக்கு ரயில் எப்போதாவது கடந்துபோன சாலையை மணிக்கு நான்கு முறை மூட நேர்ந்தால், பாதுகாப்பு ஏற்பாடுகள் முற்றிலும் மாறிவிடும்.

வேல்ஸின் எபு பள்ளத்தாக்கு கற்றுத்தருவது வேறு பாடம். 2002இல் மூடப்பட்ட எஃகு ஆலைக்குச் சென்ற தடம், சுமார் 3 கோடி பவுண்டு செலவில் 2008 பிப்ரவரியில் கார்டிஃப் வரையிலான பயணிகள் சேவையாக மாறியது. எதிர்பார்த்ததைவிட அதிகமானோர் ஏறினர். ஆனால் பெரும்பகுதி ஒற்றைத் தடமாக இருந்ததால் ரயில்களைக் கூட்ட இயலவில்லை. நியூபோர்ட்டுக்கும் ரயில் விட 7 கோடி பவுண்டு கடனில் தடத்தை விரிவாக்க வேண்டியிருந்தது. அந்தச் சேவை 2024 பிப்ரவரியில்தான் தொடங்கியது. எதிரெதிர் ரயில்கள் விலகிச்செல்லும் இரட்டைத் தடப் பகுதிகளுக்கான நிலத்தையாவது தொடக்கத்திலேயே ஒதுக்கச் சொல்லுங்கள்.

தடம் அமைக்கும் நிதியும் ரயிலை ஓட்டும் நிதியும் வெவ்வேறு. முதல் சில ஆண்டுகளில் கட்டண வருவாய் செலவுக்கு ஈடாகாது என்பதால், அந்த இடைவெளியை யார் ஏற்பார் என்ற கேள்விக்கு அறிக்கையில் விடை இருக்க வேண்டும். இந்த வாரமே இரண்டு கடிதங்கள் எழுதுங்கள்: தடத்தின் உடைமையையும் நிலையையும் கேட்டு, ரயில் தடங்களைப் பராமரிக்கும் அரசு நிறுவனமான நெட்வொர்க் ரெயிலுக்கு ஒன்று, நிலப் பயன்பாட்டுத் திட்டத்தில் அதற்குள்ள பாதுகாப்பைக் கேட்டு கவுன்சிலின் திட்டப் பிரிவுக்கு மற்றொன்று.