இரவல் மழை

கேள்வி: அயன் ராண்ட் எழுதிய 'தி ஃபவுண்டன்ஹெட்' நாவலை மூன்றாவது முறையாகப் படித்தேன். தன் வரைபடத்தை மாற்றிக் கட்டிவிட்டார்கள் என்பதற்காக அந்தக் குடியிருப்பையே வெடிவைத்துத் தகர்க்கிறான் அதன் நாயகன், கட்டடக் கலைஞன் ஹோவர்ட் ரோர்க். நீங்களோ என் சிறுகதையில் இரண்டு பத்திகளை வெட்டிவிட்டுப் பிரசுரித்திருக்கிறீர்கள். ஊரோடு ஒத்துப்போகாத எழுத்து உங்களுக்கு ஆகாதா?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: நல்லவேளை, கடிதத்தோடு நிறுத்திக்கொண்டீர்கள்.

எனக்கும் அந்த நாவல் பிடிக்கும். ஒரு வங்கிக்கு ரோர்க் வரைந்த கட்டடத்தை ஏற்றுக்கொள்கிறார்கள். முகப்பில் மட்டும் கொஞ்சம் பழைய பாணியை ஒட்டித் தரச் சொல்கிறார்கள். கையில் காசே இல்லை. ஆனாலும் முடியாது என்று சொல்லிவிட்டுக் கருங்கல் குவாரியில் கூலி வேலைக்குப் போகிறான். அந்த இடம் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது. கோர்ட்டில் அவன் பேசும் நீண்ட பேச்சைத்தான் தாண்டிப் போய்விடுவேன்.

சரி, அந்தப் புத்தகம் எப்படி வெளிவந்தது தெரியுமா? பன்னிரண்டு பதிப்பகங்கள் கைவிரித்தன. பாப்ஸ்-மெரில் பதிப்பகத்திலும் மேலிடம் வேண்டாம் என்றுதான் சொன்னது. அங்கே எடிட்டராக இருந்த ஆர்ச்சிபால்ட் ஆக்டன், இந்தப் புத்தகம் உங்களுக்குச் சரிப்படாது என்றால் நானும் உங்களுக்குச் சரிப்பட மாட்டேன் என்று தந்தி அடித்தார். வேலையைப் பணயம் வைத்த தந்தி. 1943இல் நாவல் வந்தது. ராண்ட் முதலில் வைத்திருந்த தலைப்புக்கு 'இரவல் வாழ்க்கைகள்' என்று பொருள். அது நாயகனை விட்டுவிட்டு மற்றவர்களை அல்லவா முன்னே நிறுத்துகிறது என்றார் ஆக்டன். ராண்ட் தலைப்பை மாற்றினார். வெஸ்டா டன்னிங் என்றொரு பாத்திரத்தைத் தானே முழுசாக நீக்கினார். யாருக்கும் வளையாத மனிதனின் கதைக்கு அட்டையிலேயே எடிட்டரின் கைரேகை இருக்கிறது!

இன்னொன்று. மூன்று முறை படித்தவருக்கு இது தப்பியிருக்காது. ரோர்க்கோடு படித்த இன்னொரு கட்டடக் கலைஞன் பீட்டர் கீட்டிங் வரைபடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும்போதெல்லாம் யாரைத் தேடி ஓடுகிறான்? காஸ்மோ-ஸ்லாட்னிக் கட்டட வரைபடப் போட்டிக்கு அவன் தயாரித்த குழப்பத்தில் வேண்டாததை எல்லாம் கழித்து, உள்ளமைப்பைச் சீர்செய்து கொடுத்தது யார்? ரோர்க். பெயரும் பரிசும் கீட்டிங்குக்கு. எங்கள் தொழிலும் கிட்டத்தட்ட இதுதான், சம்பளம் உண்டு என்பதைத் தவிர.

கீட்டிங் தோற்றது அடுத்தவர் திருத்தியதால் அல்ல. அவனுக்கு ஓவியனாக ஆசை. அம்மாவுக்கோ பிள்ளை கட்டடக் கலைஞனாக வேண்டும். கல்யாணம் முதல் கட்டடம் வரை எல்லாமே ஊர் என்ன சொல்லும் என்று பார்த்துச் செய்தவன், கடைசியில் ரகசியமாகத் தீட்டிய படங்களைக் கொண்டுவந்து ரோர்க்கிடம் காட்டுகிறான். காலம் கடந்துவிட்டது என்கிறான் ரோர்க். என் கணக்கில் நாவலின் ஆகச் சிறந்த பக்கம் அது.

இப்போது உங்கள் கதைக்கு வருவோம். வெட்டிய முதல் பத்தியில் வானம் கறுத்து, மண்வாசனை கிளம்பி, 'மழை பெய்யத் தொடங்கியது'. அந்த மழை வாரத்துக்கு நாலு முறை எங்கள் தபாலில் பெய்கிறது. இரண்டாவது, கதை சொல்லி முடித்ததை வாசகனுக்கு மறுபடி விளக்கிய கடைசிப் பத்தி. இரண்டுமே உங்களுடையவை அல்ல, இரவல். உங்களைக் கேட்காமல் வெட்டியது தவறுதான். அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

வேலை போனதை வீட்டில் சொல்லாமல், தினமும் காலை ஏழு மணிக்கு அப்பா சைக்கிளைத் துடைக்கிறாரே, அந்தப் பத்தியை எடுத்துப் பாருங்கள். அதில் இரண்டு வாக்கியங்களுக்கு இலக்கணம் இடித்தது. புரூஃப் பார்ப்பவர் சிவப்பு மையோடு வந்தார். ஒரு கமாவைக்கூடத் தொடக்கூடாது என்று அவரைத் திருப்பி அனுப்பியது நான்தான்.